ஏசி பாயின் மடக்கு விசிறி

சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் சங்கரன்கோவில்ல கலெக்டரைவிட மதிப்பான ஆள் ஏசி பாய்தான். கல்யாண மண்டபம், டாக்டர் வீடு, ஜவுளிக்கடைன்னு அத்தனை பேரும் அவர் போனை எடுத்துட மாட்டாரான்னு தவம் கிடப்பாங்க. அப்படி ஊருக்கெல்லாம் குளிர் காட்டுற மனுஷன் வீட்டுல ஒரு ஏசி கிடையாது. ஏசி கிடக்கட்டும், ஒரு சீலிங் ஃபேன் கூடக் கிடையாது. ஃபேன் மாட்டுற கொக்கி மட்டும் உச்சியில தனியாத் தொங்கும். முதல் தடவை அதைப் பார்த்துட்டு, வீட்டுக்கு முன்னால இருக்கிற தறிக்கூடத்துச் சத்தத்துல மனுஷனுக்கு மூளை கலங்கிருச்சோன்னுதான் நான் நினைச்சேன்.

அவருக்கு நிஜப் பேர் ஒண்ணு ஆதார் கார்டுல இருக்கும். எங்களுக்கு ஏசி பாய். நான் யாருன்னு கேட்டா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருபது வருஷமா லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்துறவ. கல்யாணப் பொண்ணு மேக்கப்தான் எனக்குச் சோறு போடுது. அந்த மேக்கப்புக்கு எதிரி வெக்கை. ஏசி நின்னா பத்து நிமிஷத்துல மணப்பொண்ணு முகம் இட்லி மாவா வழியும். அதனால ஏசி பாய் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. அதோட இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் வாயடைச்சு நின்ன நாட்களை விரல்விட்டு எண்ணிடலாம். அத்தனையும் இந்த மனுஷனாலதான்.

பொம்பளைங்க வர்ற இடம்னு, கடை திறக்குறதுக்கு முந்தி காலையில ஏழு மணிக்கே வந்து வேலையை முடிச்சிருவார். முதல் நாள் ஏணியில ஏறி, சர்வீஸ் பண்ணி, பதினெட்டு டிகிரியில ஓட விட்டுட்டு இறங்கினார். சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. உள்ள ஜில்லுனு காத்து. மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? வெளிய வந்து வாசப்படியில உக்காந்தார். டூல்ஸ் பைக்குள்ள கையை விட்டார். ஸ்பேனர் வரும்னு பார்த்தா, துணியில சுத்தின ஒரு குச்சி வந்துச்சு. மணிக்கட்டை ஒரு சொடுக்கு. படக்!

விரிஞ்சது ஒரு மடக்கு விசிறி. குடை மாதிரிப் பாவாடை கட்டின வெள்ளைக்காரிங்க நாலு பேர், பஞ்சு முடி வச்ச ஆம்பளைங்க ரெண்டு பேர், ஒரு ஆறு, ஒரு படகு. அத்தனையும் கையால தீட்டின சித்திரம். எனக்குக் கண்ணு ரெண்டும் தெறிச்சிருச்சு.

"பாய், என்னது இது?"

"விசிறி."

"அது தெரியுது. ஆம்பளை கையில பூப்போட்ட விசிறியா?"

"ஏன் தங்கச்சி, வேர்வை பொம்பளையளுக்கு மட்டுமா வருது?"

"உள்ள ஏசி ஓடுதுல்லா?"

"அந்தக் காத்து நமக்கு ஆகாது. மூட்டு வலிக்கும்."

பாய் கடையநல்லூர்க்காரர். அந்த ஊர்ல பாதிப்பேர் மாதிரி அவரும் வளைகுடாவுக்குப் போனவர்தான். அங்க அவருக்கு வாய்ச்ச வேலை ஒரு காட்சிக்கூடத்துல. பெரிய ஹால் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, உள்ள அத்தனையும் இருநூறு முந்நூறு வருஷப் பழைய மடக்கு விசிறி. ஐரோப்பாவுல பெரிய வீட்டுப் பொம்பளைங்க கையில பிடிச்சது. ஆட்டுத்தோல்ல சித்திரம், தந்தத்துல குச்சி, சிலதுல முத்துச்சிப்பி. அந்த ஹால்ல குளிர் ஒரு புள்ளி ஏறக்கூடாது, ஈரப்பதம் ஒரு புள்ளி இறங்கக்கூடாது. பத்தொம்பது வருஷம் அதைப் பார்த்துக்கிட்டது பாய்.

"விசிறிக்கே ஏசி போட்டிருக்கான் தங்கச்சி அங்கன!"ன்னு சொல்லிட்டு அவரே சிரிப்பார்.

கேட்டாலும் கேட்காட்டியும் பாடம் நடக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரிக்கு விசிறிங்கிறது காத்துக்கு இல்லையாம், நகை மாதிரியாம். கையில விசிறி இல்லாமக் கிளம்பினா, நம்ம ஊர்ல கழுத்துல காதுல ஒண்ணும் போடாமக் கல்யாணத்துக்குப் போன மாதிரியாம். ஆடப் போகும்போது ஒண்ணு, சர்ச்சுக்கு ஒண்ணு, துக்கத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா உண்டாம்.

துக்கத்துக்கு ஒண்ணுன்னு சொன்னதை நான் விளையாட்டுன்னு நினைச்சேன். எங்க தெரு ரைஸ் மில் அண்ணாச்சி தொண்ணூறு வயசுல தவறினப்ப, பாய் வந்தார். மாலையைப் போட்டார், ஓரமா நின்னார். பெண்டுகள் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வச்சுக்கிட்டிருக்காங்க. திடீர்னு படக்! கறுப்பு விசிறி. சாம்பல் நிறத்துல ஒரு கல்லறை, அது மேல சாய்ஞ்சு அழுற ஒரு மரம். ஒப்பாரி அப்படியே பாதி வரியில நின்னுபோச்சு. இன்னைக்கு இந்த மனுஷனைப் பிரிச்சு மேய்ஞ்சிருவாங்கன்னு நினைச்சேன். அண்ணாச்சியோட மூத்த மக கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அது என்ன பாய், கறுப்பு? இங்கன காட்டுங்க"ன்னா. கை மாறிக் கை மாறி பதினஞ்சு பேர் பார்த்தாங்க. விசிறி பாய்கிட்டத் திரும்பி வந்ததும்தான் விட்ட இடத்துல இருந்து ஒப்பாரி தொடங்குச்சு.

எங்க ஊர்ல லாரி ஆபீஸ் அக்கான்னு ஒருத்தி உண்டு. வீட்டுக்காரர் லாரி ஆபீஸ் வச்சிருக்கார், ஊர் பேச்சை ஏத்தி இறக்குறது அக்கா. ஒரு கல்யாணத்துல அக்கா பத்திரிகையை மடிச்சு விசிறிக்கிட்டிருந்தா. பாய் நேராப் போய், "யம்மா, மணிக்கட்டு மட்டும்தான் ஆடணும். நீங்க தோளோட ஆட்டுதிய, மாவாட்டுத மாதிரி இருக்கு"ன்னார். நான் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அக்கா முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அன்னையில இருந்து அவளுக்குப் பாயைக் கண்டாலே ஆகாது.

பாய்க்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. வேலை முடிஞ்சதும், "தங்கச்சி, காஞ்சுபோன நெயில் பாலிஷ் இருக்கா? பழைய ஐலைனர் பிரஷ் இருக்கா? கன்னத்துல பூசுற ரோஸ் பவுடர், உடைஞ்ச டப்பா?"ன்னு கேட்பார். கேஸ் லீக்குக்கு அடையாளம் வைப்பார் போலன்னு நானும் கேள்வி கேட்காம அள்ளிக் கொடுத்திருக்கேன். ரோஸ் டப்பாவுக்கும் கேஸ் லீக்குக்கும் என்ன சம்பந்தம்னு ஒருநாளாவது யோசிச்சேனா? இல்லை.

இந்த வருஷம் ஏப்ரல்ல ஏசி ரிமோட்டைக் கொடுக்கப் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்கூடத்துக்குப் பின்னால ஒத்தை ரூம் வீடு. அவர் சம்சாரம் ரஹ்மத்து அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தா. பாய் என்ன நினைச்சாரோ, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்தார். அதை மட்டும் 'படக்'னு விரிக்கலை. ஒவ்வொரு மடிப்பா விரிச்சார். வெள்ளை வெளேர்னு தந்தக் குச்சி. பழம் பறிக்கிற ஒரு சீமாட்டி, குழல் ஊதுற ஆட்டுக்காரன், தூரத்துல மலை, ஓரம் முழுக்கத் தங்கக்கோடு. நான் தேத்தண்ணி டம்ளரைத் தள்ளி வச்சுட்டேன்.

"பத்தொம்பது வருசம் கண்ணாடிக்கு வெளிய நின்னு இதையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் தங்கச்சி."

"உங்க கைக்கு எப்படி பாய் வந்துச்சு?"

"அது ஒரு கதை"ன்னு சொல்லிட்டு, "உங்க அவுட்டோர் யூனிட்ல தூசி அடைச்சிருக்கு, வியாழக்கிழமை வாரேன்"னு பேச்சை மாத்திட்டார்.

அதோட விட்டிருக்கலாம். விட்டா அது நான் இல்லையே. மறுநாள் கடையில ஆள் இல்லாத நேரம், போன்ல அந்தக் காட்சிக்கூடத்தைத் தேடினேன். ஒரு வீடியோ வந்துச்சு. கண்ணாடிப் பெட்டி, மஞ்சள் லைட், உள்ள அதே விசிறி! அதே சீமாட்டி, அதே ஆட்டுக்காரன், அதே தங்கக்கோடு. போன் கையில இருந்து நழுவி வேக்ஸ் சட்டிக்குள்ள விழப் பார்த்துச்சு. அங்க இருந்தது இங்க இருக்கு. நடுவுல யார் இருந்தா? ஏசி பாய். அட கடவுளே! என் கடைச் சாவியைக் கூட நம்பிக் கொடுத்திருக்கேனே இவர்கிட்ட!

நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டிருக்க முடியலை. யாருக்கிட்டயாவது சொல்லணும், அவங்க வெளிய சொல்லக்கூடாது. எங்க தொழில்ல அதுக்கு ஒரு வழி இருக்கு. முகத்துல பச்சைக் களிம்பா ஃபேஸ் பேக் போட்டு, கண்ணு மேல வெள்ளரிக்காய் வச்சுப் படுத்திருக்கிற ஆள்கிட்டச் சொல்லிடணும். வாயை அசைச்சா பேக் வெடிச்சிரும், அதனால ஏன் எதுக்குன்னு கேள்வி வராது. சுவத்துக்கிட்டச் சொன்ன மாதிரி மனசு லேசாயிரும். இருபது வருஷமா நான் இப்படித்தான் பாரத்தை இறக்கி வைக்கிறேன். அன்னைக்கு மெத்தையில படுத்திருந்தது லாரி ஆபீஸ் அக்கா. குனிஞ்சு காதுல சொன்னேன். அக்கா அசையலை. வலது கண்ணுல இருந்த வெள்ளரிக்காய் மட்டும் கீழ விழுந்துச்சு.

இருபது நிமிஷத்துல பேக்கைக் கழுவித்தானே ஆகணும்? அதைத்தான் நான் யோசிக்கலை.

சாயங்காலம் பூ வாங்கப் போனா, பூக்காரி என்கிட்டயே சொல்லுதா: "யக்கா, ஏசி பாய் வெளிநாட்டுல தங்க விசிறியத் திருடிக்கிட்டு வந்துட்டாராம்லா!" தங்கம் எங்க இருந்து வந்துச்சு?

ஏசி மெக்கானிக் வேலைங்கிறது ஊரார் படுக்கையறைக்குள்ள ஏணி போட்டு ஏறுற வேலை. பீரோ பக்கத்துலதான் நிக்கணும். ஸ்பேனர் தொலைஞ்சா வேற வாங்கலாம், நம்பிக்கை போச்சுன்னா தொழில் போச்சு. டாக்டர் வீட்டு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கலை. மண்டபத்துக்காரங்க தென்காசியில இருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு வீட்டுல பாய் ஏணியில இருக்கும்போதே அந்தம்மா கீழ நின்னு வெள்ளி டம்ளரை எண்ணிச்சாம்.

ஒரு திங்கக்கிழமை ரஹ்மத்து அக்கா பார்லருக்கு வந்தா. புருவம் எடுக்க வரலை.

"பத்து நாளா ஒரு போன் இல்லம்மா. மே மாசத்துல ஏசிக்காரருக்குப் போன் வரலன்னா என்ன அர்த்தம்? அவுக வாயத் தொறக்க மாட்டேங்காக. ஞாயித்துக்கிழமைக்கு வேன் பேசியாச்சு, கடையநல்லூருக்கே போயிருதோம். எந்தப் பொல்லாதவ கிளப்பி விட்டாளோ, அல்லா பாத்துக்கிடுவான். ஒங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

என்கிட்ட மட்டும்! ஷட்டரை இழுத்துவிட்டு அவகூடவே வீட்டுக்குப் போனேன். பாய் விசிறிகளைப் பழைய வேட்டியில சுத்திக்கிட்டிருந்தார்.

"பாய், அந்தப் பொல்லாதவ நான்தான்"னு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன். வீடியோ பார்த்தது, வெள்ளரிக்காய் விழுந்தது, எல்லாத்தையும் கொட்டினேன். ரஹ்மத்து அக்கா நெஞ்சுல கை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. பாய் என்னையே பார்த்தார். கண்ணு விரியுது. இப்ப அடிக்கப் போறார்னு நினைச்சேன்.

"தங்கச்சி... அசல்னே நெனச்சிட்டியளா?"

"ஆமா பாய்."

"நெசமாவா? அந்த வீடியோவையும் இதையும் பாத்துட்டு, ஒரே விசிறின்னு நெனச்சிட்டிய?"

"ஆமா பாய், என்னைய மன்னிச்சிருங்க..."

"ஏ ரஹ்மத்து! கேட்டியா? தங்கச்சிக்கு வித்தியாசமே தெரியலையாம்!"

முகம் அப்படிப் பூத்துப்போச்சு அந்த மனுஷனுக்கு. ஊரே திருடன்னு சொல்லுது, தொழில் போச்சு, வேன் பேசியாச்சு, இவர் பரீட்சையில ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த புள்ள மாதிரிக் குதிக்கார். பெட்டியைத் திறந்து விசிறியை என் மடியில வச்சார். "நல்லாப் பாருங்க."

பார்த்தேன். முதல்ல கண்ணுல பட்டது தங்கக்கோடு. அது என் கடை கோல்டன் கிளிட்டர் நெயில் பாலிஷ். சீமாட்டி கன்னத்துல இருக்கிறது நான் கொடுத்த உடைஞ்ச ரோஸ். தோல்னு நினைச்சது கஞ்சி போட்ட தறிச்சேலைத் துண்டு. தந்தக் குச்சி? ஏசியில காத்து மேலயும் கீழயும் போக ஆடுமே, வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, அதைச் சீவித் தேய்ச்சிருக்கார். பறிக்கிற பழம் புளியங்குடி எலுமிச்சை. தூரத்து மலை வாசுதேவநல்லூர்ல இருந்து தெரியுற மலை. ஆடு நம்ம ஊர் கொடியாடு. எல்லாத்துக்கும் மேல, சீமாட்டிக்கு ஒத்தைக்கல் மூக்குத்தி. ரஹ்மத்து அக்கா மூக்குல இருக்கிறது. இருபது வருஷமா முகத்தைப் பார்த்தே பிழைக்கிறேன், அந்த மூக்குத்தியை நான் பார்க்கலையே! டூல்ஸ் பையில இருந்ததும், துக்க வீட்டுல பார்த்ததும் கூட அவர் வரைஞ்சதுதானாம். சீலிங் ஃபேன் ஏன் இல்லைங்கிறதும் அப்பதான் புரிஞ்சுது. காத்துல தூசி பறந்து ஈரப் பெயின்ட்ல ஒட்டிருமாம்.

"அட பாவி மனுஷா, நான்தான் வரைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? மெக்கானிக் பொம்பளைப் படம் வரையுதான்னு தெரிஞ்சா எவன் வீட்டுக்குள்ள விடுவான்?"

கேட்ட எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

மறுநாள்ல இருந்து பேக் போட்ட அத்தனை பேர் காதுலயும் நிஜத்தைச் சொன்னேன். ஒண்ணும் நகரலை. திருடினார்ங்கிறதை ஒருத்தி சொன்னா ஊரே சொல்லுது, திருடலைங்கிறதை ஏழு பேர்கிட்டச் சொன்னாலும் எவ வாயிலயும் ஏற மாட்டேங்குது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் லாரி ஆபீஸ் அக்கா மகளுக்கு ரிசப்ஷன், மேக்கப் நான். காதால கேட்டு நம்பாத ஊர் கண்ணால பார்த்தா நம்பும்னு, அதுக்கு முன்னாடியே பாய்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, பொண்ணு கையில பிடிக்க ஒரு புது விசிறி வரையச் சொல்லியிருந்தேன். அக்காகிட்ட, "வெளிநாட்டு ஸ்டைல் அக்கா, இந்த ஊர்ல எவ கையிலயும் இல்ல"ன்னு மட்டும் சொன்னேன். உடனே சரின்னுட்டா. பாய் விசிறியை மடிச்சுத் துணியில சுத்திக் கொடுத்தார். "இப்ப விரிச்சா மடிப்புக் கலைஞ்சிரும், மேடையில வச்சுத்தான் விரிக்கணும்."

மண்டபத்துல கூட்டம் நெரியுது. தென்காசி ஆள் பார்த்த ஏசி வெந்நீர் ஆவி மாதிரி ஊதுது. பொண்ணு நெத்தியில முத்து முத்தா வேர்வை. நான் விசிறியைக் கையில கொடுத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டுன்னு சொன்னேன். படக்!

கேமராக்காரர் கிட்டப் போனார். மேடைக்குப் பக்கத்துல இருந்த எல்இடி திரையில விசிறி பத்தடி உயரத்துக்கு விரிஞ்சுச்சு. எலுமிச்சைத் தோட்டம். தூரத்துல ஒரு லாரி. மரத்தடிக் கட்டில்ல குடைப்பாவாடை கட்டின ஒரு குண்டுச் சீமாட்டி சாய்ஞ்சு படுத்திருக்கா. முகமெல்லாம் பச்சை. கண்ணு ரெண்டுலயும் வெள்ளரிக்காய்.

அத்தனை பேரும் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்தாங்க.

லாரி ஆபீஸ் அக்கா மெதுவா எந்திரிச்சா. "ஏட்டி... இது நான்லா!"

பின் வரிசையில ஒரு குரல்: "யக்கா, நீங்க எப்ப வெளிநாட்டு மியூசியத்துக்குப் போனிய?" அவ்வளவுதான். சாப்பாட்டுப் பந்தியில இருந்தவங்க கூட எந்திரிச்சு வந்து சிரிச்சாங்க. இதைச் சங்கரன்கோவில்ல உக்காந்துதான் ஒருத்தர் வரைஞ்சிருக்க முடியும், அப்ப திருட்டு விசிறின்னு சொன்னதும் பாய் வரைஞ்சதுதான்னு சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரிஞ்சுபோச்சு.

நானும் சிரிச்சேன். கேமரா கொஞ்சம் நகர்ற வரைக்கும். சீமாட்டி காதுக்குப் பக்கத்துல, விசிறியால வாயை மறைச்சுக்கிட்டு, ஒருத்தி குனிஞ்சு ரகசியம் சொல்லுதா. கொண்டையில ஐப்ரோ பென்சில் சொருகியிருக்கு. தாடையில மச்சம். மொத்த மண்டபமும் திரும்பி என் தாடையைப் பார்த்துச்சு. கிளப்பி விட்டது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்கு வாய் திறந்தது திறந்தபடியே நின்னுபோச்சு.

அக்கா என்னை ஒரு முறை முறைச்சா. திரையை இன்னொரு தடவை பார்த்தா. "ஒன்னயப் பெறவு வச்சுக்கிடுதேன். மொதல்ல அந்த பாயக் கூப்பிடுங்க. என் மூக்கு இப்படியா இருக்கு? கேக்கணும். வந்தவரு அப்படியே இந்த ஏசியயும் பாத்துட்டுப் போகட்டும்."

பாய் ஏணியோட வந்தார். கால் மணி நேரத்துல மண்டபம் குளிர்ந்துச்சு. ஞாயித்துக்கிழமை வேன் வரலை. "என்னையும் சேர்த்து வரைஞ்சுட்டீங்களே பாய்"னு கேட்டதுக்கு, "ஒரு ஓரம் காலியா இருந்துச்சு தங்கச்சி"ன்னார், முகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம.

இப்ப பாய் ஊர்ல இல்லை. வளைகுடாவுல கட்டிக் கொடுத்த மக பிரசவத்துக்குப் போயிருக்கார், ரெண்டு மாசம். போன வாரம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. டிக்கெட் எடுத்து அந்தக் காட்சிக்கூடத்துக்குப் போனாராம். அசல் விசிறி முன்னால ஒரு மணி நேரம் நின்னாராம். "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. மூக்குத்திதான் இல்ல."

என் கடை ஏசி நின்னு இன்னையோட இருபது நாள். "ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையாட்டி?"ன்னு லாரி ஆபீஸ் அக்கா பேக் வெடிக்கக் கத்துதா. பாய் எனக்குன்னு வரைஞ்சு கொடுத்த விசிறியை எடுத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டி, அக்காவுக்கு வீசிக்கிட்டிருக்கேன். வேற ஆள் வந்து அந்த ஏசியைத் தொடுறது எனக்குப் பிடிக்கலை. பாய் வரட்டும்.